வாசலில் கிடந்த பிளேட்

பாடைக்குப் பச்சை மூங்கில் பிளந்துகொண்டிருந்தபோது அந்த வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: இறந்துபோன தேமுடுவின் அண்ணன் சன்யாசி நாயுடு, அவர் மகன் சிம்மாத்ரி, தேமுடுவின் மனைவி பைடம்மா, துனியிலிருந்து வந்திருந்த மகள் கனகம், தெருக்காரர்கள் சிலர், மலை கிரஷரின் மேஸ்திரி நூகராஜு. அனகாபல்லி வட்டாரத்தில் கல் உடைக்கிற யந்திரங்களுக்கெல்லாம் கல்லை மென்று நொறுக்கும் இரும்புப் பலகையான ஜா பிளேட் கொடுத்தவனின் சாவுக்கு, கிரஷர்காரர்கள் என்று வந்தது நூகராஜு ஒருவர்தான்.

சன்யாசி நாயுடு தனக்குப் போட்ட நாற்காலியைத் தொடவில்லை. தோளில் துண்டோடு நிமிர்ந்தே நின்றார்.

மற்றவர்கள் வராததற்குக் காரணம் வாசல் குறுக்கே கிடந்தது. உடைந்த ஜா பிளேட்டின் பாதி. போன மாதம் கிரஷர் டிராக்டர் கொண்டுவந்து, பல் மேலே தெரியும்படி தள்ளிவிட்டுப் போனது. பிளேட் விற்பவனை அந்தப் பக்கத்தில் அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. தேமுடு பழைய இரும்பை உருக்கி வார்த்ததை மாங்கனீஸ் என்று விற்றுவிட்டான், அதனால்தான் பிளேட் பிளந்து ஷாஃப்ட் வளைந்தது என்று மலை முழுக்கப் பேச்சு. கிரஷர் நின்று, கூலிக்காரர்கள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள்.

தேமுடு பதில் சொல்லவில்லை. அதுதான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“திருப்பிப் போட்டுக் காட்டுடா. காந்தத்த வை. நல்ல மாங்கனீஸ்னா ஒட்டாதுல்ல?” என்று இதே இடத்தில் நின்று கேட்டிருந்தார்.

“இருக்கட்டும் அண்ணா. யாரும் அதத் தொட வேணாம்.”

“அப்ப நீ கலப்படந்தான் வித்துருக்க. நம்ம அப்பா பேர வித்துருக்க.”

தேமுடு இருமினான். கல்தூசி ஏறிய நெஞ்சு. இருமல் நிற்க நேரமாகும். நின்றதும் உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு பெரியவர் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இன்று விடியும்போது ஆள் வந்து கதவைத் தட்டினான். அவர் வந்து சேர்ந்தபோது தம்பியின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

பாடை தயாரானது. மூங்கில் பிளந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

“மேஸ்திரி, வழிய மறிச்சுக் கெடக்கு பாருங்க. உங்க ஆளுங்க போட்டதுதான, நீங்களே எடுங்க.”

“போட்டது டிராக்டரு. நான் மாலை வாங்கிட்டு வந்தவன்” என்றார் நூகராஜு.

சிம்மாத்ரி குறுக்கே வந்து அப்பாவிடம் சொன்னான். “அத எதுக்கு இப்ப அசைக்கணும் நாயனா? பாடையக் கொஞ்சம் சாய்ச்சா செவுத்தோரமாக் கொண்டு போயிரலாம்.”

“என் தம்பியச் சாய்ச்சுக் கொண்டு போறதா? தூக்குங்கடா.”

கடப்பாரை போட்டு நெம்பினார்கள். பிளேட் ஒருக்களித்து நின்று, பிறகு குப்புற விழுந்தது. ஈர மண் ஒட்டிய பின்பக்கம் வெளியே தெரிந்தது. போல்ட் ஓட்டையின் விளிம்பு உருகி, மெழுகு வழிந்து உறைந்தது மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

நூகராஜு குனிந்து கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தார்.

“கேஸ் கட்டர் வெச்சு அறுத்துருக்காங்க” என்றார், மெதுவாக.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. கிரஷர் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். மாங்கனீஸ் இரும்பு கல்லிடம் அடி வாங்க வாங்க இறுகும். நெருப்பு மட்டும் ஆகாது. நெருப்புப் பட்ட இடம் கண்ணாடி மாதிரி விண்டுவிடும். ஓட்டை பொருந்தவில்லையென்றால் கல்சக்கரம் வைத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அந்த கிரஷரில் பிளேட் மாட்டுகிற ஃபிட்டர் ஒருவன்தான்: சிம்மாத்ரி.

பெரியவர் அவனைப் பார்க்கவில்லை. பைடம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“அவனுக்குத் தெரியுமா?”

“போட்டுட்டுப் போன அன்னிக்கே அடியில கைய விட்டுத் தடவிப் பாத்தாரு பாவா.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கனகம்தான் சொன்னாள். “சொல்லலாம்னு நாந்தான் சண்டை போட்டேன் பெரியப்பா. அப்பாதான், என் அண்ணன் தலை நிமுந்து நடக்குறவரு, அப்படியே நடக்கட்டும்னு சொல்லிட்டாரு.”

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாதவர்போல மடித்தார். மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

தேமுடுவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளிச் சட்டியை அண்ணன் மகன் எடுப்பது என்று காலையிலேயே முடிவாகியிருந்தது. சட்டியில் வறட்டி புகைந்துகொண்டிருந்தது. சிம்மாத்ரி அதன் பக்கத்தில் நின்றான்.

“ஒரேய், சொல்லு” என்றார் பெரியவர்.

“நாயனா, தெரியாம…”

“எங்கிட்ட இல்ல. மேஸ்திரிகிட்ட. தெருவுக்குக் கேக்கணும்.”

“நாலு பேரு இருக்காங்க…”

“அதனாலதான்.”

சிம்மாத்ரி நூகராஜுவைப் பார்க்காமல், குப்புறக் கிடந்த பிளேட்டைப் பார்த்துச் சொன்னான். “ஓட்டை பொருந்தல. முதலாளி தலைமாட்டுலயே நின்னு கத்திட்டிருந்தாரு. தேய்க்க நேரமில்லன்னு கேஸ் வெச்சேன். தேமுடு பாபாய் குடுத்தது நல்ல பிளேட்டு.” குனிந்து உருகிய விளிம்பைத் தொட்டான். “நல்ல பிளேட்டு அது. நாந்தான்.”

கனகம் அப்போதுதான் சத்தமாக அழுதாள்.

நூகராஜு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். “ஒரு முனை எனக்குக் குடுங்க நாயுடு” என்றார். பெரியவர் விலகி இடம் விட்டார்.

பாடை சாயாமல் நேராக வாசலைக் கடந்தது. வழியில் கிரஷர்காரர்கள் வேறு யாரும் வந்து சேரவில்லை. சேதி மலை ஏற நேரம் பிடிக்கும்.

சுடுகாட்டில் சன்யாசி நாயுடு மகன் கையிலிருந்து கொள்ளியைப் பிடுங்கினார், அவனைத் தள்ளிவிட்டுத் தானே தம்பிக்குத் தீ வைத்தார் என்று பிறகு சந்தையில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. தீ வைத்தவன் சிம்மாத்ரிதான். சிதை பற்றும்வரை பெரியவர் அவன் முழங்கையைப் பிடித்திருந்தார்.