சுவருக்குள் சிக்கிய சிப்பாய்

அப்துல் அஜீஸுக்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது என்று கீழக்கரையில் சொல்வார்கள். ஊர் எப்படியாவது தாங்கிக்கொள்ளும், என்னாலதான் முடியல என்பாள் அவர் பெண்டாட்டி மெஹருன்னிசா. மகன் பாக்கர் துபாய் வேலையை உதறிவிட்டு, ஒரு போன்கூடப் பண்ணாமல், பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றானே, அன்றைக்கு ஏறிய கோபம் ஐந்து மாசமாகியும் இறங்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, பிடிக்கல வந்துட்டேன் என்று மட்டும் சொன்னான். அந்தப் பதில் அவருக்கு அறைந்த மாதிரி இருந்தது. முப்பது வருஷம் அபுதாபியில் மளிகைக் கிட்டங்கியில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தவர் அவர். பிடித்தா கிடந்தார்?

அன்றோடு மகனிடம் பேச்சை நிறுத்தினார். நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு, மோட்டாரைப் போடச் சொல்லு என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவார். மெஹருன்னிசா அங்கிருந்து வந்து மகனிடம், மோட்டாரைப் போடு வாப்பா என்பாள். அவன் போடுவான். வீட்டை விட்டுப் போடா என்று சொல்லிவிட அவருக்கு ஆசைதான். ஆனால் கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பது. இருக்கிற வீடே பெண்டாட்டி வீடு. இவரே கல்யாணம் பண்ணி வந்து புகுந்தவர், யாரைப் போகச் சொல்வது?

சாப்பாட்டில்தான் கோபத்தை முழுசாகக் காட்டினார். அந்த வீட்டில் ஒரு பெரிய சஹனில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து மூன்று பேரும் சாப்பிடுவதுதான் வழக்கம். இனி அவனோடு ஒரு சஹனில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பாக்கர் அடுப்படியில் தனித்தட்டில் சாப்பிட்டான். இத்தனைக்கும் ஊர்க் கல்யாணங்களில் பந்தியில் ஆள் உட்கார்த்துகிற வேலைக்கு ஊருக்கே அண்ணனான அஜீஸ் காக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சஹனில் ஒரு ஆள் குறைந்தாலும் கறி ஆணத்தை ஊற்ற விடமாட்டார். மாப்பிள்ளை வீட்டாரே முணுமுணுத்தாலும், கை கழுவப் போனவன் வரட்டும் என்று பந்தியையே நிறுத்தி வைப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டுச் சஹனில் மட்டும் ஆளைக் குறைத்துக்கொண்டார், வீம்புதான்.

இந்த நேரத்தில் மெஹருன்னிசாவின் அண்ணன் வாவு முகம்மது ஷார்ஜாவிலிருந்து போன் பண்ணினார். தெரிந்த கடையில் நல்ல வேலை இருக்கிறது, விசா எடுத்துவிடலாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லுங்கள் என்றார். அஜீஸ் அடுப்படியைப் பார்த்துச் சொன்னார், அடுப்படி பாக்கரிடம் சொன்னது. அவன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வந்த நாளிலிருந்து அவனுக்கு அதே கதிதான். ஏதோ ஒரு பழைய காலத்து ராஜா விளையாட்டு. எறும்பு எறும்பாக ஆயிரம் ஆட்கள். அவர்களை இங்கன போ, அங்கன போ என்று மேய்த்துக்கொண்டே இருப்பான்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? இருபத்தாறு வயசுப் பிள்ளை, தேடி வந்த வேலையை மறந்து உட்கார்ந்திருக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? கேட்கத்தான் வீம்பு விடாது, பார்ப்பதற்கு என்ன? அறை வாசலுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தில் ஒரு கண்ணை வைத்தார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாக மெஹருன்னிசா ஒரு தடவை சொன்னாள். அவள் கிடக்கிறாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பச்சைத் தரை, நடுவில் ஒரு ஆறு, அதன் மேல் ஒரு பாலம், அக்கரையில் சிவப்புக் கொடி பறக்கிற எதிரிக் கோட்டை. இக்கரையில் பாக்கரின் ஊர். அதில் விறகு வெட்டுகிறவன் விறகு வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு பொம்பளை கூடையோடு போனாள், வந்தாள். கொத்தனார் சுவர் எழுப்பினார். யாரையும் யாரும் அதட்டவில்லை, அவரவர் வேலை அவரவருக்கு. அஜீஸுக்கு இது பிடித்துப்போனது, ஒத்துக்கொள்ள மாட்டார். பாக்கர் மவுஸைப் பிடித்து ஒரு கட்டம் இழுத்தால் அதற்குள் அகப்பட்ட அத்தனை பேருக்கும் காலடியில் பச்சை வட்டம் விழும். அப்புறம் எங்கே தட்டுகிறானோ அங்கே மொத்தக் கூட்டமும் கிளம்பும். ஈட்டிக்காரன், வில்லுக்காரன், குதிரைக்காரன் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புகிற அழகைப் பார்த்து அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் நூறு பேரைத் திருப்பி உட்கார வைப்பதற்குள் தொண்டைத் தண்ணி வற்றிவிடுகிறது, இங்கே ஒரு விரல் போதுமா?

அதற்கப்புறம் பேப்பர் சும்மா பேருக்குத்தான். எந்த ஆள் எதற்கு, எதைக் கட்டினால் எது கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. குதிரைக்காரன் வந்தால் ஈட்டிக்காரனை முன்னால் விட வேண்டும் என்பதுகூடத் தெரிந்துகொண்டார். மகன் ஜெயிக்கிற நாளில் டீயை ருசித்துக் குடித்தார், தோற்கிற நாளில் சர்க்கரை போதவில்லை என்று மெஹருன்னிசாவிடம் எரிந்து விழுந்தார்.

ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. பாக்கர் அவசரத்தில் கட்டடத்தை நெருக்கி நெருக்கிக் கட்டிவிடுவான். அதனால் சில நேரம் ரெண்டு கிட்டங்கிக்கும் கோட்டைச் சுவருக்கும் நடுவில் எவனாவது ஒரு சிப்பாய் மாட்டிக்கொள்வான். நாலு பக்கமும் சுவர். படை கிளம்பும்போது அவனும் கிளம்புவான், சுவரில் முட்டுவான், திரும்புவான், மறுபடி முட்டுவான். பாக்கர் அதைப் பார்த்தால் போதும், பாலத்துக்குப் போய்விட்ட மொத்தப் படையையும் நிறுத்திவிடுவான். அப்புறம் அந்த ஒருத்தன் வெளியே வருவதற்காக, தானியம் நிறைந்த கிட்டங்கியையே இடிப்பான். நல்ல கிட்டங்கி! கிட்டங்கியின் அருமை தெரிந்த அஜீஸுக்கு வயிறு எரியும். ஒரு சிப்பாயைப் புதுசாகப் பண்ண எவ்வளவு நேரமாகிறது, ஒரு தட்டுத் தட்டினால் வருகிறான். பாக்கர் இடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் எதிரி வந்து புகுந்துவிடுவான், ஆட்டம் போய்விடும். அவன் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பான். இவன் என்ன கிறுக்கனா, இல்லை எனக்குத்தான் ஏதாவது விளங்கவில்லையா? படுத்தாலும் அந்த இடித்த கிட்டங்கி கண்ணுக்குள்ளேயே நின்றது.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டும். மத்தியானத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு கேட்டதும் பாக்கர் ஆட்டத்தைச் சேமித்து வைத்துவிட்டு, ஆனால் நிறுத்தாமல், அப்படியே எழுந்து பள்ளிவாசலுக்குப் போனான். அஜீஸுக்கு மூட்டுவலி, வீட்டில்தான் தொழுவார். தொழுது முடித்து வந்து எட்டிப் பார்த்தார். படை பாலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அவ்வளவு பெரிய படையை அவர் அதுவரை பார்த்ததில்லை, திரை நிறைந்து வழிந்தது. ஊருக்குள் ஒருத்தன் கிட்டங்கிச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான். ஆகா, இவனுக்காகத்தான் படையை நிறுத்தி வைத்திருக்கிறான், வந்ததும் இடிக்கப் போகிறான் என்று அவருக்குப் புரிந்தது.

அக்கரையில் சிவப்புக் கொடிக்காரன் அசைய ஆரம்பித்தான். அஜீஸ் வாசலைப் பார்த்தார், மகன் வரக்காணோம். அடுப்படியைப் பார்த்தார், மெஹருன்னிசா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மகனின் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். பாக்கர் இழுப்பது போலவே ஒரு கட்டம் இழுத்தார், அத்தனை பேருக்கும் பச்சை வட்டம் விழுந்தது. எதிரிக் கோட்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.

போனார்கள். அவர் சொல்லி அத்தனை பேரும் போனார்கள்! பாலமே தெரியவில்லை, ஆள் தலையாகத்தான் தெரிந்தது. அஜீஸ் வாய் மூடவில்லை. அம்பு பறந்தது, கோட்டை புகைந்தது, சிவப்புக் கொடி சாய்ந்தது. முரசு அடித்து, வெற்றி என்பதற்கு என்னமோ பெரிய பெரிய எழுத்தில் வந்தது. இந்த வயசில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று அவர் நினைக்கவே இல்லை.

திரும்பினால் பாக்கர் தொப்பியும் தலையுமாகப் பின்னால் நிற்கிறான்.

வீம்பு, அடுப்படி, ஐந்து மாசம் எல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்கு மறந்துபோனது. பாத்தியாலே, உங்க வாப்பா ஒரே தட்டுல முடிச்சுட்டாரு என்றார். மகன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்குள் இருந்தவன் இன்னும் அங்கேயேதான் இருந்தான்.

"அவன் கெடக்கான்லே," என்றார் அஜீஸ். "ஆயிரம் பேர் இருக்கானுவ. ஒருத்தன் வரலைன்னா என்ன, வண்டி போகாதா?"

"அங்கனயும் இதையேதான் வாப்பா சொன்னாங்க," என்றான் பாக்கர்.

அப்புறம் அவன் தரையில் உட்கார்ந்தான். ஐந்து மாசமாக வராத பேச்சு அப்போதுதான் வந்தது. துபாயில் அவன் வேலை, கேம்பில் இருந்து கட்டட வேலைக்குப் போகிற ஆட்களைக் காலையில் எண்ணிப் பஸ்ஸில் ஏற்றுவதும், சாயங்காலம் எண்ணி இறக்குவதும். முதலில் அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. விடியற்காலையில் அத்தனை பஸ்ஸும் வரிசையாகக் கிளம்புகிறதைப் பார்க்கிறதே ஒரு பெருமை. ஒருநாள் சாயங்காலம் ஒரு ஆள் குறைந்தது. போனில் மேலே இருந்தவர்களிடம் சொன்னான். பஸ்ஸை அனுப்பு, ஒருத்தனுக்காக அத்தனை பேரையும் காக்க வைப்பியா, அடுத்த வண்டியில் வருவான் என்றார்கள். அனுப்பிவிட்டான். அடுத்த வண்டி என்று ஒன்று அன்றைக்கு இல்லவே இல்லை. அந்த ஆள் காய்ச்சலில் ஒரு பெரிய சிமெண்டுக் குழாய்க்குப் பின்னால் நிழலில் படுத்து அசந்துபோனவன். எழுந்து, ரோடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் மணலில் நடந்திருக்கிறான். மறுநாள் மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. ஆனால் நாக்கு குழறிப்போய்விட்டது, வெயிலில் நிற்க முடியாமலாகிவிட்டது. விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு தலையை எண்ண உட்கார்ந்தாலே பாக்கருக்கு எண்ணிக்கை தப்பியது.

இவ்வளவையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்த பிள்ளையையா அடுப்படியில் உட்கார வைத்துச் சோறு போட்டோம் என்று நினைத்ததும் அஜீஸுக்கு அழுகை முட்டியது. அந்த ஆள் பேரென்ன, எந்த ஊர் என்று கேட்டார்.

"வேல்சாமி. நம்ம பக்கத்து ஊர் சிக்கல்தான்."

சிக்கல்! இங்கன பஸ் ஏறினால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். போய்ப் பாத்தியா என்றார். ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், ஏற முடியல, அவன் முகத்துல எப்படி முழிக்கிறது என்றான் பாக்கர்.

அஜீஸ் எழுந்து போனை எடுத்தார். ஷார்ஜாவில் மச்சானிடம், பதில் நாளைக்குச் சொல்ல முடியாது, பிள்ளைக்கு இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது முடிந்ததும் அவனே சொல்வான் என்று சுருக்கமாகச் சொல்லி வைத்தார். திரும்பி வந்து, சேமிச்சு வச்சியே, அதை மறுபடி கொண்டா என்றார். பாக்கர் கொண்டுவந்தான். படை பாலத்தடியில் நின்றது, சுவருக்குள் அவன் முட்டிக்கொண்டிருந்தான். கிட்டங்கியை இடி என்றார். சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிட்டங்கி சரிந்தது. தூசி அடங்கியது. வழி திறந்தும் அந்தச் சிப்பாய் வெளியே வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றான். அஜீஸுக்குப் பதறிவிட்டது.

"ஏன் நிக்கான்? வழிதான் இருக்கே?"

"முட்டி முட்டி ஓஞ்சுட்டா அப்படித்தான் வாப்பா. கூப்பிட்டாத்தான் வருவான்."

பாக்கர் தட்டினான். சிப்பாய் இடிபாட்டைத் தாண்டிக் குடுகுடுவென்று ஓடிப்போய்ப் படையின் கடைசி வரிசையில் நின்றான். அத்தனை பேரில் இப்போது அவன் யாரென்று தெரியவில்லை. அஜீஸ் கொஞ்ச நேரம் அந்தக் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் சிக்கலுக்கு ரெண்டு பேரும் போகிறோம், ஜும்ஆ தொழுகையை அங்கன எங்காவது பள்ளியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பாக்கர் தலையை ஆட்டினான். கூடத்தில் மெஹருன்னிசா பாயை விரித்து, சஹனைக் கொண்டுவந்து வைத்து, பொரித்த மீனைச் சோற்றின் மேல் அடுக்கினாள். அப்புறம் வழக்கம்போல இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அஜீஸ் அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். மூட்டுவலியோடு மெல்லக் குனிந்து பாயில் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. அறையைப் பார்த்து, ஐந்து மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏலே பாக்கர், வா. சஹன்ல ஒரு ஆள் குறையுது."