மெட்டு மச்சினருக்கு, வரி வீட்டம்மாவுக்கு

கடையில் பாட்டுப் போடுவதற்கு உரிமக் கட்டணம் கேட்டு இசைச் சங்கத்து அலுவலர் வந்து நின்றபோது, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஓடிக்கொண்டிருந்ததே அவர் பாட்டு. லென்ஸ் தீட்டும் இயந்திரத்தின் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்து, வரியும் மெட்டுமாக அவரே முணுமுணுத்து உண்டாக்கியது. மனைவியின் தம்பி அதை ஸ்டுடியோவில் பதிவு செய்ய, பஸ்ஸெல்லாம் அதுதான். இந்தக் கதையைக் கேட்காதவர் தெருவில் கிடையாது; அலுவலருக்கும் இப்போது சொல்லியாயிற்று. கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் பாவம், மூக்கில் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு எங்கே ஓடுவது?

"என் பாட்டுக்கு நானே காசு கட்டணுமா சார்? நல்ல கூத்தா இருக்கே."

"மத்தவங்க பாட்டும் போடுறீங்கல்ல, அதுக்குக் கட்டணும். உங்க பாட்டுக்கு உங்களுக்கே பங்கு வருமே, வரலையா?" அலுவலர் கைக்கணினியில் தேடினார். "மெட்டு, உங்க மச்சினர், பாதி. வரிகள்... முகவரி இந்தக் கடைதான். உங்க வீட்டம்மா பேரு போலிருக்கு, மீதிப் பாதி. ஏழு வருஷமா பணம் போயிட்டிருக்கு."

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டித் திரையைப் பார்த்தார். எழுத்து மாறவில்லை.

"என்னடி இது?"

பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "ஃபாரத்தைத் தம்பிதான் எழுதினான். உங்க பேரு, என் பேரு, எல்லாம் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

"ஒண்ணுன்னா என் பேரையே போட்டிருக்கலாமே."

அவள் அடுத்த பில்லைக் கிழித்தாள். மச்சினர் பாசமாக வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட ஃபிரிட்ஜ் எந்தப் பணத்தில் வந்தது என்று இப்போது விளங்கியது; அதை மாடிக்குத் தூக்கியவரே இவர்தான். நன்றி வேறு சொல்லியிருக்கிறார். ஆனாலும் பணம் அவருக்கு அவ்வளவு உறுத்தவில்லை. ஒவ்வொரு முறை அவர் கதை சொன்னபோதும், "ஆமாங்க, இவரு போட்டதுதான்" என்று பக்கத்தில் நின்று தலையாட்டியவள் அவள். அதுதான் நெஞ்சில் குத்தியது.

"ஆட்சேபணை போடுங்க," என்றார் அலுவலர். "முடிவாகிற வரைக்கும் யாருக்கும் பணம் போகாது, நிறுத்தி வெச்சிடுவோம். ஆனா நீங்க பாட்டு கட்டினப்ப கூட இருந்தவங்க யாராவது சாட்சி சொல்லணும். இருந்தாங்களா?"

இருந்தது ஒரே ஆள். கடைக்காரர் அவளைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க சார்," என்றாள் அவள், அலுவலரிடம்.

கடைக்காரர் படிவத்தை வாங்கினார். சாட்சிக்கான இடத்தைக் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.