ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்

அன்று காலை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். லாரிக்கு நேராக வண்டியை விட்டவர்கள் பக்கத்தில்கூடப் பதறாமல் உட்கார்ந்திருந்தவள், இடது செருப்பை வலது காலில் நுழைக்கப் பார்த்தேன். சபையில் அன்று மூப்பர் தேர்வு. காலியாக இருந்த ஓர் இடத்துக்கு முன்மொழியப்பட்டிருந்த ஒரே ஆள் நான்தான். அதுவரை எங்கள் சபையில் எந்தப் பெண்ணும் மூப்பராக இருந்ததில்லை.

வெளியாட்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எங்கள் சபையில் பிரசங்கமும் ஞானஸ்நானமும் போதகர் பாடு. நாற்காலி, மைக், கழிப்பறைக் குழாய் எல்லாம் உதவிக்காரர்கள் தலையில். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை என்று போய் உட்கார்ந்து கேட்பவர்கள் மூப்பர்கள். முடிவெடுப்பதும் அவர்கள்தான். நான் பல வருடங்களாக உதவிக்காரி. பெண்கள் தங்கள் கஷ்டத்தை, குழாய் மாட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் வந்துதான் கொட்டுவார்கள். அதை மூப்பர் கூட்டத்துக்குள் கொண்டுபோக எனக்கு வழியில்லை. வெறும் காதாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி.

என்னைவிட என் வீட்டுக்காரருக்குத்தான் தலைகால் புரியவில்லை. சலூன் வைத்திருக்கிறார். ஞாயிறுதான் கடையில் கூட்டம் என்பதால் சபைப் பக்கம் வருவதே அபூர்வம். அந்த வாரம் அவரிடம் மாட்டிய தலைகள் அத்தனைக்கும் முடி வெட்டியதோடு என் பெருமையையும் அளந்து அனுப்பியிருந்தார். அன்று கடையையே பூட்டிவிட்டு, தெரு முழுக்கத் துள்ளிக்கொண்டு வந்தார்.

"நான் என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

"போதகர் என் பேரைச் சொல்லிக் கேட்பாரு. கேட்டதும் முதல் ஆளா எழுந்து நில்லுங்க, போதும்."

"முதல் ஆளாத்தானே? பாத்துக்கிட்டே இரு!"

எங்கள் வழக்கம் இதுதான்: சீட்டு எழுதுவதில்லை, கை தூக்குவதில்லை. போதகர் இரண்டு கேள்வி கேட்பார். முதலில், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். யாரும் நிற்காவிட்டால், அடுத்து சம்மதம் உள்ளவர்கள். எல்லோருக்கும் பழகிப்போனது, யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. நானும் விளக்கவில்லை.

ஆராதனை முடிந்தது. என்னை முன்னால் அழைத்து நிறுத்தினார்கள். போதகர் என் பெயரைச் சொல்லி, "இவரை மூப்பராக ஏற்பதில் ஆட்சேபணை உள்ளவர்கள்..." என்று ஆரம்பித்தார். பெயர் காதில் விழுந்ததும் மீதி எதுவும் என் வீட்டுக்காரருக்கு ஏறவில்லை. கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட, நெஞ்சை நிமிர்த்தி எழுந்து நின்றார். முதல் ஆளாக! நாலாபக்கமும் பார்த்துச் சிரிப்பு வேறு.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

தலைமை மூப்பர் மெதுவாக எழுந்தார். கட்டடத்தின் எல்லாச் சாவியும் அவர் இடுப்பில் தொங்குவதால் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். பெண் மூப்பர் வேண்டாம் என்று இவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்ல வாகாக ஆள் கிடைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"போதகரய்யா, சொந்தப் புருஷனே வேணாங்கிறாரு. தன் வீட்டை ஒழுங்கா நடத்தத் தெரிஞ்சவங்கதான் மூப்பராகணும்னு நம்ம சபை விதியே இருக்கு. வீட்டுலயே இந்தம்மா பேச்சு எடுபடலையே, சபையில எப்படி எடுபடும்?"

"யாருங்க வேணாம்னது? இவதான் எழுந்திரிக்கச் சொன்னா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"பாத்தீங்களா, ஆளைத் தயார் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்காங்க!" என்றார் ஒரு கூட்டாளி. ஆளாளுக்கு எழுந்து பேசத் தொடங்கினார்கள். பாதி சபை நின்றுகொண்டிருந்தது. போதகர் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், யாரும் மதிக்கவில்லை. கைக்கெட்டிய நாற்காலி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க! உக்காருங்க!"

வண்டி பழகுகிறவர்களின் காலைத் தானாக பிரேக்குக்குக் கொண்டுபோகிற குரல் அது. மைக் தேவைப்படவில்லை. அவர் பொத்தென்று உட்கார்ந்தார். அவரிடம் மட்டும்தான் சொன்னேன். ஆனால் நின்றிருந்த அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். கூட்டாளிகள் உட்கார்ந்தார்கள். சாவிகள் குலுங்க சாவிக்கொத்தும் உட்கார்ந்துவிட்டார். போதகர்கூட முட்டி மடங்கி, பாதியில் சுதாரித்து நிமிர்ந்தார்.

போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"யாரும் நிக்கலை. அப்போ ஆட்சேபணை இல்லை. வீட்டை நடத்துறதைப் பத்தி ஐயாவுக்கு இன்னும் சந்தேகம் இருக்குங்களா?"

தலைமை மூப்பர் தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டினார். சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி மேடைவரை வந்தது.

"சரி. சம்மதம் உள்ளவங்க எழுந்து நிக்கலாம்."

கரகரவென்று நாற்காலிகள் நகர்ந்தன. பெண்கள் பக்கம் மொத்தமாக எழுந்தது. ஆண்கள் பக்கமும். கடைசியில் தலைமை மூப்பரும். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தனை தலைகளுக்கு நடுவே ஒரே ஒருவர் மட்டும் நாற்காலியை இறுகப் பிடித்து உட்கார்ந்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இப்ப எழுந்திரிங்க," என்றேன். குரலே வரவில்லை. அப்படியும் அவருக்குக் கேட்டுவிட்டது.