அத்தை கழற்றிய உறைகள்

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? சொல்லுங்க அத்தை, யாரைக் கேட்டு?"

"யாரைடி கேக்கணும்? என் தம்பி வீட்டைச் சுத்தம் பண்ண உன்கிட்ட மனு போடணுமா?"

முன்னறையில் அப்பா வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்க, பின்வாசலில் அவர் மகள் சின்னவளும் அத்தையும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் காபியை ஆறவிட்டுக் காதைத் தீட்டினார்கள். சாவு வீட்டில் சண்டை என்றால் சொத்துச் சண்டையாகத்தானே இருக்க வேண்டும்? இது காகிதப் பைக்கு நடந்த சண்டை என்று தெரிந்ததும் பலருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அத்தைக்குத் தெரு வைத்த பெயர் ஒட்டடை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரை மூலையைத்தான் பார்ப்பாள். அன்று காலை வந்து தம்பியின் காலைப் பிடித்து அழுதாள். அழுது முடித்ததும், வருகிறவர்களுக்கு நாற்காலி போடப் பின்பக்கம் போனாள். அங்கே ஆளுயரத்துக்கு நின்ற மக்காச்சோளத்தில் கதிருக்குக் கதிர் பழுப்புக் காகிதப் பை. "முக்காடு போட்டுக்கிட்டு நிக்குதுங்களே, இதுங்களும் துக்கத்துக்கு வந்த மாதிரி" என்று அத்தனையையும் உருவினாள். உருவியதோடு விட்டாளா, மடித்து வேறு அடுக்கிவைத்தாள். உச்சியில் பூவுக்கு மாட்டியிருந்த பைகள் மட்டும் அவள் கைக்கு எட்டாததால் தப்பின. அவை தப்பி ஒரு பயனும் இல்லை என்பது அந்த வீட்டில் சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மக்காச்சோளம் காற்றுக்கு வாக்கப்பட்ட பயிர். பூவிலிருந்து உதிரும் தூள் எந்த வயலிலிருந்து வந்தாலும் கதிரின் பட்டு இழை ஏற்றுக்கொள்ளும். குலம் கோத்திரம் விசாரிக்காது. அதனால் அப்பா இழை தலைகாட்டும் முன்பே கதிரை மூடிவைப்பார். பூவையும் மூடித் தூளைப் பைக்குள்ளேயே சேர்த்து, தன் கையால் இழையில் தூவி, மறுபடி மூடுவார். அதற்குத் தெரு வைத்த பெயர் கல்யாணத் தரகு.

வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை மஞ்சள் மணி பிடிக்கும் புதுச் சோளம். புழு கடிக்காதபடி மரபணுவை மாற்றியது. சின்னவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பிறந்தது. அதை யாராவது குறைசொன்னால் அப்பாவே சண்டைக்குப் போவார். "மருந்தடிச்சு மருந்தடிச்சு என் நெஞ்சு ஓட்டைப் பானையாச்சு. இந்த விதை முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் உங்க உயிரை வாங்கியிருப்பேன்" என்பார். தன் வயலிலும் அதைத்தான் போட்டார். கொல்லைத் துண்டில் மட்டும் பழைய வெள்ளை ரகம். புதுசு வந்தபின் அதை வேறு யாரும் சீந்தவில்லை.

ஆனால் சில வாரங்களாக ஆய்வகத்தின் கண்ணாடிக் கூடத்தில் புதுச் சோளத்தின் தண்டு அழுகிக்கொண்டிருந்தது. மேலே பச்சை, கீறினால் கறுப்பு. புழுவை ஜெயித்த செடி ஒரு பூஞ்சைக்கு முன்னால் சாய்ந்து மடிந்தது. பக்கத்துத் தொட்டியில் அப்பாவின் வெள்ளை மட்டும் நிமிர்ந்து நின்றது. நின்றதையும் சோதனைக்கென்று கீறித் தீர்த்துவிட்டார்கள். உறுதியாகும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது மேலதிகாரியின் உத்தரவு.

அப்பாவிடம் விதை கேட்டிருந்தாள். "கையில இருந்ததெல்லாம் விதைச்சுட்டேன். இது முத்தட்டும், மொத்தமும் உனக்குத்தான்" என்றார். இழை நீண்ட அன்றே அவருக்கு மூச்சு நின்றது.

அண்ணன் வந்து தங்கையின் தோளைப் பிடித்தான். "அப்பா அங்க கிடக்கறார். நீ பைக்கு அழறியா?"

"பைக்கு அழலைண்ணா."

"சோளம் சோளத்தோட கலந்தா என்ன குடியா முழுகிடும்?"

வேலிக்கு அப்பால் அவன் வயல் முழுக்கப் பூத்து நின்றது. சின்னவள் வாயைத் திறந்தாள். சமையலறை வாசலில் துக்கம் கேட்க வந்திருந்த மேலதிகாரி, காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"ஒண்ணுமில்லைண்ணா" என்றாள்.

"அப்பன் போன அதிர்ச்சி. பாவம், கண்டுக்காதீங்க" என்று அத்தை பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாள்.

காற்று வேலியைத் தாண்டி வந்தது. நாற்காலிகளின் மேல், கோப்பைகளின் விளிம்பில், முன்னறையில் அப்பாவை மூடிய துணியின் மேல் மெல்லிய மஞ்சள் தூள் படிந்தது. அத்தை ஈரத்துணியோடு குனிந்தாள்.

"என்ன தூசிடி இது? துடைக்கத் துடைக்க வருது!"

கதிர் முத்தியதும் சின்னவள் ஒவ்வொன்றாக உரித்தாள். எல்லாம் மஞ்சள். வெள்ளையாக ஒரு மணியாவது இருக்காதா என்று விரலால் தடவித் தடவித் தேடினாள்.

"தங்கமா விளைஞ்சிருக்கே! அப்பா பாத்திருந்தா பூரிச்சுப் போயிருப்பார்" என்றான் அண்ணன்.

மேலதிகாரி ஒரு கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதி உங்கப்பாவோடது, பாதி நம்மளோடது. பிரிச்செடுக்கலாம்மா. ஏழெட்டு வருஷம் பிடிக்கும்."

அவ்வளவு காலம் இருக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சீக்கிரமே அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு தூரதேசம் போனார். ஒட்டடை அத்தை மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே ஒட்டடையே இல்லை என்று கேள்வி, பாவம் எப்படித்தான் பொழுது போகிறதோ. அண்ணன் கொல்லைத் துண்டையும் வயலோடு சேர்த்து உழுதான்.

சின்னவள் வேலையை விட்டாள். அடுத்த பருவத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கடற்கரை நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் சோளத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதனால்தான் சம்மதித்தாள் என்று தெரு தீர்ப்பு எழுதியது. கிளம்பும்போது அண்ணனைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் பெட்டி ஏற்றியாயிற்று, எல்லோரும் அவசரப்படுத்தினார்கள்.

கார் வயல்களின் நடுவே போனபோது மாப்பிள்ளை வெளியே எட்டிப் பார்த்தார்.

"சோளமெல்லாம் ஒரே பக்கமா சாயுதே. பலமா காத்தடிக்குது போல. கண்ணாடியை ஏத்தி விடட்டுமா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். சாலையோர மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.