அய்யம்மாளின் சண்டை

“அவருக்கு என் பேருகூடத் தெரியாதேப்பா, எதுக்குக் குதிச்சாரு?” என்று ஐரின் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரத் தலையோடு அம்மாவின் முந்தானைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

சித்தையன்கோட்டைப் பக்கம், முதல் நற்கருணை வாங்கிய ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்துக்குப் போன இடத்தில், விளையாடியபடியே தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டாள். பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மலைச்சாமி ஓடிவந்து குதித்தார். குதித்தபோதே மோட்டார் குழாயில் தலை அடிபட்டுவிட்டது. பிள்ளையைப் படியில் ஏற்றிவிட்டு அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டார். ஆட்கள் வெளியே எடுத்தபோது மூச்சு இருந்தது. நினைவு இல்லை. அது இன்றுவரை திரும்பவில்லை.

ஐரினின் அப்பா ராயப்பராஜ் திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். மகளுக்குப் பதில் சொல்ல அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆதி மனிதர்கள் சிறு கூட்டமாக வாழ்ந்தார்கள், கூட்டத்தில் எந்தப் பிள்ளையும் சொந்தப் பிள்ளைதான், அது உடம்பில் ஊறிவிட்டது, குழந்தை அலறினால் யோசிக்கும் முன்பே கால் ஓடும் என்றார். அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

நான்கு வருடமாக, ஞாயிறு பூசை முடிந்ததும் ராயப்பராஜ் பழமும் மருந்தும் வாங்கிக்கொண்டு மலைச்சாமி வீட்டுக்குப் பஸ் ஏறுவார். தெருமுனையிலேயே மலைச்சாமியின் மனைவி அய்யம்மாளின் குரல் கேட்கும். புருஷனைத் துடைத்துக்கொண்டே சண்டை போடுவாள். “கஞ்சின்னா கண்ணை மூடிக்கிறது. கறிக்குழம்புன்னா முழிப்பியாக்கும்” என்பாள். ஆடு குட்டி போட்டதையும் மகள் ஜீவிதா எதிர்த்துப் பேசியதையும் ஏச்சோடு ஏச்சாகச் சொல்வாள். கடைசியில் எப்போதும் ஒரே வழக்குக்கு வந்து நிற்பாள்: குதிக்கையில் என்னையும் மகளையும் நினைத்தாயா, இல்லையா?

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள், அதை ராயப்பராஜிடமே கேட்டாள்.

“நீங்க படிச்சவுக. சொல்லுங்க சார். எங்களை நெனச்சுப் பாத்துட்டுத்தான் குதிச்சாகளா?”

ஆறுதலாக இருக்கும் என்று நம்பித்தான் அவர் சொன்னார். “இல்லம்மா. நினைக்க நேரமே இருந்திருக்காது. உடம்பு தானாச் செய்யுறது அது. உங்களை விட்டுட்டுப் போகணும்னு அவர் முடிவு பண்ணலை.”

அய்யம்மாள் ஈரத்துணியைப் பிழிந்தாள். “அப்ப குதிச்சது இவுக இல்லையாக்கும்” என்றாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, “இம்புட்டு நாளா நான் யார்கூட சார் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்?”

அடுத்த ஞாயிறு தெருமுனையில் சத்தம் இல்லை. துடைத்தாள், குழாயில் கஞ்சி ஊற்றினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. அப்புறமும் அவள் புருஷனோடு பேசவே இல்லை. நான் சொன்னது தப்பாக இருக்கலாம், யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று ராயப்பராஜ் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். விடுங்க சார் என்றுவிட்டாள். ஸ்கேன் படத்தில் செத்துப்போன இடங்களை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தார். ஆனால் அந்த வீட்டில் அவள் சண்டையால் நான்கு வருடம் உயிரோடிருந்த ஒன்று எந்தப் படத்திலும் இல்லை. அதைத் தான் கொன்றுவிட்டதாகப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். இதில் பாவம் ஒன்றுமில்லையே என்றார் பங்குச் சாமியார்.

ஐப்பசியில் ஒரு மதியம், புருஷனைப் பார்த்துக்கொள்ளும்படி ராயப்பராஜிடம் சொல்லிவிட்டு அய்யம்மாள் மாத்திரை வாங்கப் போனாள். மலைச்சாமி படுக்கையை நனைத்திருந்தார். ராயப்பராஜ் கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றி வைத்தார். வெந்நீர் போட்டார். புரட்டத் தெரியாமல் புரட்டினார். முதுகுப் புண்ணைச் சுற்றித் துடைத்தார்.

“மலைச்சாமியண்ணே” என்று கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. “ஐரின் ஆறாவது போயிட்டா. சாப்பாட்டுலதான் ஒரே வம்பு. உங்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லண்ணே. கேக்காதுன்னு விட்டுட்டேன்.”

பிறகு அந்த நன்றியைச் சொன்னார்.

மலைச்சாமியின் கண்கள் மேலே கூரையைப் பார்த்தபடியே இருந்தன. வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, மகளைப் பற்றி இன்னும் ஏதேதோ சொன்னார். வாசலில் அய்யம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டதும், அவள் காதில் விழுந்துவிடுமோ என்று நிறுத்திக்கொண்டார்.