கோயில்லேர்ந்து வந்த அம்பயர்

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த சவுரிமுத்துவை நண்பன் தசரதன் வாசலிலேயே மடக்கி, சைக்கிளில் ஏற்றி, வற்றிக் கிடந்த சிட்லபாக்கம் ஏரிக்குக் கொண்டுபோனான். அங்கே பீர்க்கன்கரணை அணியோடு கிரிக்கெட் மேட்ச். பேட்டிங் அணியின் ஆளே அம்பயராக நிற்பது வழக்கம்; அதனாலேயே அடிதடி மூளவிருந்தது.

“அண்ணன் கோயில்லேர்ந்து நேரா வந்துகீறாரு. பொய் சொல்ல மாட்டாரு. அவரே நிக்கட்டும்,” என்றான் எதிரணி கேப்டன் சிட்டிபாபு.

கடைசி விக்கெட், ஜெயிக்க இரண்டே ரன். தசரதன் மட்டையைச் சுழற்றினான். பந்து உரசிய சத்தம் சவுரிமுத்துவுக்குத் தெளிவாகக் கேட்டது. கீப்பர் பிடித்துவிட்டான். பதினோரு பேரும் கத்தினார்கள். தசரதன் கண்ணாலேயே கெஞ்சினான்.

“நாட் அவுட்.”

ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தவர்களைச் சிட்டிபாபு தடுத்தான்.

“கம்முனு இருங்கடா. அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அடுத்த பந்திலேயே தசரதன் பவுண்டரி அடித்து ஜெயித்தான். சிட்டிபாபு வந்து கைகுலுக்கினான்.

“அடுத்த வாரமும் நீங்களே நில்லுங்கண்ணா.”

அந்த ஸ்டம்பால் அடித்திருந்தாலே தேவலாம் போலிருந்தது சவுரிமுத்துவுக்கு.