கண்ணில் தெரிந்த சர்க்கரை

அர்த்தநாரி போர்வெல் லாரி ஓட்டுகிறவன். பாறையை ஆயிரம் அடி துளைத்துவிட்டுச் சாவகாசமாக வீடு திரும்புவான்; ஊசி என்றால் மட்டும் வியர்த்துவிடும். கால் கட்டைவிரலில் பட்ட காயம் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். குளியலறையில் எறும்பு மொய்த்தது. மனைவி சித்ராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துச் சோதித்தால் போதும் என்று கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. கருவிழியைப் பார்த்தே எல்லா நோயையும் சொல்லும் குமரகுரு, திருச்செங்கோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் முகாம் போட்டிருந்தார். அங்கே ஊசி கிடையாது. அர்த்தநாரிக்கு அந்தத் தகுதி போதும்.

சித்ராவும் கூடவே போனாள்.

குமரகுரு டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்தார். கருவிழியைக் கடிகாரம் போலப் பங்கு போட்டு, இந்தப் பக்கம் ஈரல், அந்தப் பக்கம் குடல் என்று அடுக்கினார். வெறும் உடம்புச் சூடுதான், கற்றாழைச் சாறு குடி என்று முடித்தார். காயத்தைப் பற்றிப் பேச்சில்லை. அது ஷூவுக்குள் இருந்தது.

அர்த்தநாரி மனம் குளிர்ந்துபோய் முகம் கழுவப் போனான். சித்ராவுக்கு, உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தடி நீர் பார்க்கும் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். வேறொருவர் ஐந்நூறு அடியில் தண்ணீர் என்றதாகக் காதில் போட்டால், அவர்கள் இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். நானூறிலேயே இருக்கிறது என்பார்கள். அர்த்தநாரியே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை அது.

"ஏனுங்க, ராசிபுரத்துல ஒருத்தரு இவரு கண்ணப் பார்த்தாருங்க," என்றாள் அப்பாவியாக. "ஓரத்துல ஒரு புள்ளி, சர்க்கரையா இருக்கும், ரத்தம் பார்க்கோணும்னாரு. உங்களுக்கு அது தெரியலீங்களா?"

குமரகுருவின் முகம் இறுகியது. திரும்பி வந்தவனை மறுபடி உட்காரவைத்து டார்ச்சை அடித்தார்.

"மூணு புள்ளி இருக்குதுங்க. சர்க்கரை. இன்னைக்கே ரத்தம் பாருங்க. தள்ளிப்போட்டீங்கன்னா காலை எடுக்கோணும்."

அர்த்தநாரி வெளுத்துப்போனான். பரிசோதனைக் கூடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தானாகவே கையை நீட்டினான். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள், காயம் ஆறியது. புகழெல்லாம் குமரகுருவுக்குப் போனது. அடுத்த முகாமுக்கு அர்த்தநாரி தன் லாரி ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனான். சித்ராவும் கண்ணைக் காட்டியே தீரவேண்டும் என்றான்.

குமரகுரு அவள் கண்ணில் டார்ச் அடித்தார். உடனே அணைத்தார். ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ராசிபுரத்துக்காரரு இப்ப என்னங்க சொல்றாரு?"

வரிசையில் ஒரு டிரில்லர் விடாமல் இருமிக்கொண்டிருந்தான்.

"இருமுறவங்களையெல்லாம் சளி டெஸ்டுக்கு அனுப்புறாராமுங்க," என்றாள் சித்ரா.